இடது கையில் பொத்தான் வைத்த கோட்டு

ராசா,

நீ புறப்பட்டுப் போன பிறகு உன் தட்டை எடுத்தேன். வைத்த தோசையில் பாதி அப்படியே கிடந்தது. தூர தேசம் போகிற பிள்ளை அரை வயிற்றோடு படி இறங்கினானே என்று அன்று முழுவதும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நீ கத்தியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். "அப்பாவோட ஸ்வெட்டர் கோட்ட எடுத்துக் குடும்மா, ஜெர்மனி குளுருக்கு நான் போட்டுக்கிடுதேன்" என்று கேட்டாய். "அது இங்க இல்லய்யா. சேத்தூர்ல ஒரு பொம்பளப் பிள்ளைக்குக் குடுத்துட்டேன்" என்றேன். அதற்கு நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "யாரோ ஒருத்திக்கா?" கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. என் மருமகள் மீனா பைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமா அது? போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதினால், கோபத்தில் மடித்து வைத்தாலும் பிறகு ஒருநாள் எடுத்துப் படிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது எப்படி அவளிடம் போனது என்று தெரிந்தால், நீயே கொண்டுபோய்க் கொடுத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ கோயம்புத்தூரில் இருந்தாய். மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவன் அப்புறம் அதையும் குறைத்துக்கொண்டாய். அந்த ஒரு வருஷம் இந்த வீட்டில் நடந்தது உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

அப்பாவுக்குக் கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை, வாரம் இரண்டு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்று ஆனபோது, எல்லோரும் ஊசியைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். குளிரை யாரும் சொல்லவில்லை. ரத்தம் உடம்பை விட்டு வெளியே போய், மிஷினில் சுற்றிச் சுத்தமாகித் திரும்பி வருகிறது. அந்த அறையில் ஏசி ஓயாது. வெளியே சித்திரை வெயிலில் தார்ரோடு இளகிக் கிடக்கும். உள்ளே உன் அப்பா பல் கிட்டிப் படுத்திருப்பார். பனிமலையில் துப்பாக்கியோடு நின்ற மனுஷன் அவர். "அங்க நின்னப்பக்கூட இப்படிக் குளுரலட்டி. அது வெளிய இருந்து வரும். இது உள்ள இருந்துல்லா வருது" என்றார். போர்வையைப் போர்த்தினால் நர்ஸ் பிள்ளை வந்து இடது கையை வெளியே எடுத்துவிடுவாள். "ஊசி போட்ட கை எப்பவும் எங்க கண்ணுல தெரியணும்மா. கழண்டுட்டா ரத்தம் போறதே தெரியாது" என்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான். கூட வந்தவர்கள் உள்ளே இருக்கக் கூடாது. ஊசி போடும்வரை நின்றுவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார வேண்டும். கண்ணாடி வழியாக அந்தக் கை மட்டும் தனியாக நடுங்குவது எனக்குத் தெரியும்.

ஒருநாள் திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அந்த யோசனை வந்தது. தலை வழியாக மாட்டுகிற ஸ்வெட்டர் ஆகாது. முன்பக்கம் முழுக்கத் திறக்கிற கோட்டாக இருக்க வேண்டும். இடது கை மட்டும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்து, வரிசையாகப் பொத்தான் வைத்திருக்க வேண்டும். நர்ஸ் வேண்டிய இடத்தில் மட்டும் திறந்துகொள்வாள், மற்ற இடமெல்லாம் கதகதப்பாக இருக்கும். பதான்கோட் பட்டாளக் குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது, பக்கத்து வீட்டுச் சுரிந்தர் அக்கா எனக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தது உனக்கு ஞாபகம் இருக்காது. நீ அப்போது தவழ்கிற பிள்ளை. 'சீதா' என்றால் நேர்க் கண்ணி, 'உல்டா' என்றால் திருப்பிப் போடுகிற கண்ணி. எனக்கு அப்போது வந்த இந்தியே அந்த இரண்டு வார்த்தைதான். ராஜபாளையம் வந்த பிறகு ஊசியை எடுக்க வேலையே இல்லை. நம் ஊரில் ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவளும் கப்பல் ஓட்டத் தெரிந்தவளும் ஒன்றுதான்.

உல்லன் நூல் தேடி அலைந்ததில், ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் பாட்டில் பச்சை கிடைத்தது. அது முதுகுக்கும் முன்பக்கத்துக்கும்தான் காணும். கைகளுக்குக் காப்பிப்பொடி நிறத்தில் வாங்கினேன். அப்பாவிடம் காட்டினேன். "பட்டாளத்துக்கும் காட்டுலாகாவுக்கும் கலியாணம் பண்ணி வச்சமாரி இருக்கு" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பின்ன உட்கார்ந்த பிறகுதான் வீட்டில் எனக்கு இரண்டு எதிரிகள் இருப்பது தெரிந்தது. ஒன்று நீ கொண்டுவந்த சிப்பாய். கிருஷ்ணன்கோவிலில் நீ காலேஜ் படித்தபோது, காது கேட்காத நாய்க்குட்டி விலைக்கு ஆகாது என்று வளர்க்கிறவர் ஒதுக்கி வைத்ததை, சட்டைக்குள் வைத்து பைக்கில் கொண்டுவந்தாயே, அவன்தான். "காது கேக்காத சிப்பாய எந்த ரெஜிமெண்டுலலே சேப்பாக?" என்று உன்னைத் திட்டிக்கொண்டே அந்தப் பெயரை வைத்தவர் அப்பா. உட்கார், வா, போ, எல்லாவற்றுக்கும் கையாலேயே சைகை பழக்கினார். வயது ஏறியும் அவனுக்குக் குட்டிப்புத்தி போகவில்லை. இன்னொன்று ஜிலேபி. மீன்காரரின் பின்னாலேயே வந்து நம் வீட்டில் தங்கிவிட்ட செம்பட்டைப் பூனை. நான் கண்ணி எண்ணிக்கொண்டிருப்பேன். அவள் மெல்ல வந்து நூலுருண்டையைத் தட்டி உருட்டுவாள். உருண்டை வாசற்படி தாண்டும்வரை காத்திருந்து சிப்பாய் கவ்விக்கொண்டு ஓடுவான். முருங்கை மரத்தைச் சுற்றி, அப்பாவின் ஸ்கூட்டரைச் சுற்றி, துவைக்கிற கல்லைச் சுற்றி, நூல் போன வழியே போனால் கடைசியில் நாய் கிடைக்கும். நான் கத்திக்கொண்டே ஓடுவேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பார். வியாதி வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"ஒருத்தனுக்குக் காது கேக்காது. ஒருத்தி கேட்டாலும் மதிக்க மாட்டா. நீங்க கேட்டுக்கிட்டே சிரிக்கீக. நான் யாருட்டப் போய்க் கத்துறது?" என்றேன்.

"இன்னொருக்கா ஓடு, செத்த நேரம் பாத்துக்கிடுதேன்" என்றார்.

எச்சில் பட்ட நூலை அலசிக் காயப்போட்டு மறுபடி சுற்ற வேண்டும். அதற்கு அப்பாதான் ஆள். இரண்டு கையையும் நீட்டி, நூலை மாட்டிக்கொண்டு, எதிரியிடம் பிடிபட்டவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அவருடைய இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள் அல்லவா? அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். எனக்கு அதைத் தொடவே பயம். சிப்பாய்க்கு அந்த இடம்தான் பிடிக்கும். ஓடிக் களைத்து வந்து, அப்பாவின் மடியில் கிடக்கிற இடது கையின் மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். காது கேட்காதவனுக்கு அந்த அதிர்வுதான் பாட்டு போல என்று அப்பா சொல்வார். அவன் எழுந்துபோகும்வரை கையை அசைக்க மாட்டார்.

முதுகுப்பகுதி முடிகிற சமயத்தில்தான் நீ லீவு போட்டு வந்து, உன் கிட்னியைத் தருகிறேன் என்றாய். ரத்தமும் சேர்ந்தது. டெஸ்ட் எல்லாம் நீயே முன்னின்று செய்தாய். உன் எதிரில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நீ கோயம்புத்தூர் போன பிறகு போனில் கூப்பிட்டுச் சொன்னார். அந்த வார்த்தையைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், நீ அதை மறந்திருக்க மாட்டாய். "ஒங்கிட்டப் பிச்ச வாங்கிப் பொழைக்கிற நெலமைக்கு நான் இன்னும் வரல. இதப் பத்தி இனிமே பேசாத." நீ போனை வைத்துவிட்டாய். அதன் பிறகு நீ கூப்பிட்டதெல்லாம் என்னைத்தான். வந்தாலும் அவரிடம் "சாப்பிட்டீங்களா" என்பதோடு சரி.

அன்றைக்கு நான் பின்னல் ஊசியைத் தொடவில்லை. அடுத்த நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவரும் பக்கத்தில் நானும். கேட்டுவிட்டேன்.

"ஏங்க, உசுரத் தாரேன்னு வந்த பிள்ளைய இப்படியா வெரட்டுவீக?"

"மெதுவாச் சொன்னாக் கேக்குற பிள்ளையா அவன்? கோவப்பட்டாத்தான் விடுவான்."

"அவன் மனசு என்னத்துக்கு ஆகும்?"

"மனசு ஆறிரும். நாளைக்கு அவனுக்கு ஒரு பிள்ளை பெறக்கும். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு வேணும்னா எதக் குடுப்பான்? நான் பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டேன்."

"இத அவன்ட்டயே சொல்லுங்களேன்."

"சொன்னா அதுக்கும் ஒரு பதில் வச்சிருப்பான். இஞ்சினியர்ல்லா. நீயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் உனக்குச் சொல்வேன். நல்லதை நினைத்துக் கடுமையாகப் பேசுவது நம் வீட்டு ஆண்களுக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிகிறது. மீனாவிடம் அதைச் செய்யாதே. கேட்டவர்களுக்கு வார்த்தைதான் போய்ச் சேரும். அதன் பின்னால் இருந்த நினைப்பு, சொன்னவர் மனசிலேயே தங்கிவிடும்.

கார்த்திகை பிறக்கும் முன் கோட்டு முடிந்தது. பொத்தான்களை அப்பாவே தைத்தார். பட்டாளத்தில் பொத்தான் தைக்கத் தெரியாத ஆள் கிடையாதாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒவ்வொன்றாகத் தைத்து, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாள் டயாலிசிஸ் அறையில் ஒரே சிரிப்பு. நர்ஸ் பிள்ளைகள் பொத்தானைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில்தான் தங்கமாரி படுத்திருப்பாள். நீ 'யாரோ ஒருத்தி' என்றாயே, அவள்தான். சேத்தூர்க்காரி. உன்னைவிடச் சின்னவள். அப்பாவைப் பெரியப்பா என்றும் என்னைப் பெரியம்மா என்றும் கூப்பிடுவாள். அவளுடைய அம்மா வயல் வேலைக்குப் போகிறவள், கூட வந்து உட்கார முடியாது. அந்தப் பிள்ளை தனியாக பஸ் ஏறி வந்து, தனியாகப் படுத்து, முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போகும்.

மாசி மாதம். டயாலிசிஸ் இல்லாத நாள். மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு அப்பா முருங்கை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "கோட்டு வேணுமா?" என்று கேட்டேன். "இன்னைக்குக் குளுரல" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் கைமேல் தாடையை வைத்துச் சிப்பாய் கண்ணை மூடியிருந்தான். நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சிப்பாய் வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். விளையாடுகிறான் என்று நினைத்து, அப்பா பழக்கியபடி கையைக் காட்டிப் போகச் சொன்னேன். போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பாவின் கைமேல் தாடையை வைத்தான். எடுத்தான். அந்தக் கையையே பார்த்தான். மறுபடி வைத்தான். மறுபடி எடுத்தான். திரும்பி என்னிடம் ஓடி வந்து, இந்தத் தடவை சேலை கிழிகிற மாதிரி இழுத்தான். ஈரக் கையோடு ஓடினேன். அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, தூங்குகிறவர் மாதிரி. இத்தனை நாள் தொடப் பயந்த அந்த இடத்தில் விரலை வைத்தேன். உள்ளே ஒன்றும் ஓடவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். சாயங்காலம் நீ வந்தாய். கொடியில் காய்ந்துகொண்டிருந்த கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாய், நான் கவனித்தேன். கொள்ளி வைத்தாய், சாம்பல் கரைத்தாய், வந்தவர்களுக்கெல்லாம் பந்தி பார்த்தாய். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை உனக்கு. "பையன் கல்லு மாதிரி நிக்கான்" என்று உன் அத்தை என் காதில் சொன்னாள். எனக்கு உன்னைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீயும் மீனாவும் போன அந்த வாரம், நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அந்த நர்ஸ் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளாமல் இருக்க மனசு வரவில்லை. கோட்டைப் பையில் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த பஸ்ஸில் ஏறினால் அது பையில் இருக்கும், அதுதான் பழக்கம். அன்றைக்கு மட்டும் என்னை உள்ளே இருக்க விட்டார்கள். அப்பாவின் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். தங்கமாரி என்னைப் பார்த்ததும் அழுதாள். காலில் போர்வை, இடது கை வெளியே. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையின் விரல்களைத் தேய்த்துவிட்டேன். அவள்தான் கேட்டாள்.

"பெரியம்மா, கிட்னி தாரேன்னு சொன்ன அண்ணன் எப்படி இருக்காக?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது ஒனக்கு எப்படித் தெரியும் தாயி?"

"இங்க யாருக்குத் தெரியாது? புதுசா ஒரு ஆளு கட்டில்ல வந்து படுத்தாப் போதும். பெரியப்பா மொதல்ல அதத்தான் சொல்லுவாக. 'எம் மகன் நான் கேக்காமயே வந்து நின்னான். எடுத்துக்கோங்கப்பான்னான். எம்புட்டுப் பேருக்கு அப்படிப் பிள்ளை வாய்க்கும்? நான்தான் வேண்டாம்னுட்டேன்'னு. எங்க எல்லாத்துக்கும் அது மனப்பாடம். நர்ஸ் அக்காகூடக் கேலி பண்ணுவாக."

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய கோட்டுக்குக் கை பின்னிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் அப்பா உன்னைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கிறார், ராசா. என்னிடம்கூட ஒரு நாள் சொன்னதில்லை. தங்கமாரி இன்னொன்றும் சொன்னாள். ஏன் திட்டினீர்கள் என்று அவள் ஒருநாள் கேட்டாளாம். "எம்மேல கோவம் இருக்கட்டும். அப்பத்தான் நான் போனபொறவு தாங்கிக்கிடுவான்" என்றாராம். உன் அப்பா எத்தனையோ விஷயத்தில் கெட்டிக்காரர். இதில் மட்டும் அவர் போட்ட கணக்குத் தப்பு. உன்னால் தாங்க முடியவில்லை. பந்தி பரிமாறிக்கொண்டு நின்ற உன் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும்.

"எங்க வீட்டுல தாரதுக்கு ஆளு இல்ல பெரியம்மா. அம்மைக்குச் சக்கரை. அதனால பெரியப்பா அண்ணனப் பத்திச் சொல்லும்போது கண்ண மூடிக்கிட்டுக் கேப்பேன். எனக்கே யாரோ தாரேன்னு சொன்ன மாரி இருக்கும்" என்றாள். அப்போதும் அந்தக் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் பையிலிருந்து கோட்டை எடுத்தேன். யோசிக்கவில்லை. நர்ஸ் பிள்ளை ஊசி அசையாமல் கையைப் பிடித்துக்கொள்ள, நான் கோட்டைப் போட்டுவிட்டு, அப்பா தைத்த பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினேன். அவளுக்கு அது தொளதொளவென்று இருந்தது. "வேணாம் பெரியம்மா, அண்ணன் கேப்பாக" என்றாள். "கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன். நீயும் கேட்டாய். சொல்லத்தான் இத்தனை மாதம் ஆகிவிட்டது. நடுவில் எத்தனையோ தடவை போனை எடுத்தேன். பிச்சை என்ற அந்த வார்த்தையைத் தாண்டி எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "மழை பெஞ்சுச்சா" என்று கேட்டு வைத்துவிடுவேன்.

உனக்கு வேறு ஒன்று பின்னத் தொடங்கியிருக்கிறேன், முழுக்கப் பாட்டில் பச்சையில். நீ ஜெர்மனிக்குப் பிளேன் ஏறுவதற்குள் முடியாது, பார்சலில் வரும். பூனை முடி ஒட்டியிருந்தால் மீனாவைத் தட்டிவிடச் சொல். அப்பாவின் கோட்டு இப்போதும் வாரம் இரண்டு நாள் சேத்தூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போய் வருகிறது. அதைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வராது. உனக்கும் வராது.

தங்கமாரியிடம் உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். கூச்சப்படுகிற பிள்ளை, உடனே கூப்பிட மாட்டாள். என்றைக்காவது தெரியாத நம்பரிலிருந்து வந்தால் எடு. நான் உனக்கு எழுதியது, அவள் எனக்கு ஒரு பகலில் சொன்ன கொஞ்சம்தான். உன் அப்பா மாதக்கணக்கில் அந்தக் கட்டிலில் படுத்து உன்னைப் பற்றிச் சொன்ன மிச்சமெல்லாம் அவளிடம் இருக்கிறது. அவள் சொல்வாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொள். கேட்கும்போது அழுகை வந்தால் அழுதுவிடு, ராசா.

உன் அம்மா